வயர்கட் செங்கல் வாங்கலாமா? சுவர் எழும்பிச் சில வருடம் கழித்து ஒரு மதிப்பீடு

செங்கல் லாரியில் வந்து இறங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்பீடுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நிறம் அருமை, முனை உடையவில்லை, சொன்ன நேரத்துக்கு வந்தது என்பதோடு அவை முடிந்துவிடும். செங்கலை யாரும் அந்த ஒரு வாரத்துக்காக வாங்குவதில்லையே. சுவரில் ஏறி, நாலைந்து மழையும் வெயிலும் பார்த்த பிறகு அது என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. கட்டட மேற்பார்வை என் தொழில். என் தம்பி வீட்டில், பூசாமல் அப்படியே விட்ட வயர்கட் செங்கல் சுவர்களைக் கட்டிய நாளிலிருந்து பார்த்து வருகிறேன். இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

பொருள் இதுதான்: களிமண்ணை இயந்திரத்தில் பிசைந்து, அச்சு வழியாகப் பிதுக்கி, கம்பியால் அறுத்து, சூளையில் சுட்ட சிவப்புச் செங்கல். நடுவில் மூன்று துளை. அதே சூளையிலிருந்து மொட்டை மாடிக்குச் சுட்ட களிமண் ஓடும் வாங்கினோம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சூளையின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் சங்கதி ஒரு சூளையின் குற்றம் இல்லை. எந்தச் சூளையில் வாங்கினாலும் செங்கல்லோடு சேர்ந்தே வருவது அது.

முதலில் நல்லது. இந்தச் செங்கல்லில் எனக்குப் பிடித்தது அதன் விளிம்பு. கரணையால் சாந்தை வழித்ததும் கோடு பிசிறில்லாமல் நின்றது. பூச்சு இல்லை, பெயிண்ட் இல்லை, வருடா வருடம் சுவரைச் சுரண்டும் வேலையும் இல்லை. ஆரம்பத்தில் சில இடங்களில் வெள்ளை உப்பு பூத்தது. உலர்ந்த தூரிகையால் தேய்த்துவிட்டோம், அப்புறம் அது வரவில்லை. இரண்டு கல்லை ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கிறது. நிறம் கல்லுக்குக் கல் கொஞ்சம் மாறும். எனக்கு அது அழகு. ஒரே சீரான சிவப்பு வேண்டுமென்பவர்களுக்குக் குறை. இதற்கு மேல் நல்லதைச் சொல்லிக்கொண்டு போனால் விளம்பரமாகிவிடும்.

இப்போது எந்தத் தகவல் தாளிலும் நான் பார்க்காத சங்கதிக்கு வருகிறேன். இந்தச் செங்கல் வளர்கிறது.

சுட்ட களிமண் எல்லாமே காற்றின் ஈரத்தை வாங்கி மெல்ல வளரும்: செங்கல், ஓடு, சுட்ட மண் குழாய், சுவரில் ஒட்டும் பளபளப்பு டைல் எல்லாம் அடக்கம். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு அரை மில்லிமீட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கச் செங்கல் தொழில் சங்கத்தின் தொழில்நுட்பக் குறிப்பு வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வதும் ஏறக்குறைய இந்த எண்தான். கல்லுக்குக் கல் அது 0.2 மில்லிமீட்டரிலிருந்து 0.9 மில்லிமீட்டர் வரை மாறலாம் என்றும் அது சொல்கிறது. அரை மில்லிமீட்டர் என்றதும் எல்லோரும் சிரிப்பார்கள். 20 மீட்டர் சுவருக்கு அது 10 மில்லிமீட்டர். வெயில் காலத்துச் சூட்டு விரிவையும் அதன் மேல் சேர்த்தால், 30 டிகிரி வித்தியாசத்துக்கு இன்னும் 4 மில்லிமீட்டர் வரும். ஆக ஒரு விரல் அகலம். நீண்ட பெஞ்சில் இடமில்லாமல் நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் துளித்துளி பருத்தால் நடுவில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, ஓரத்தில் இருப்பவர்தான் கீழே விழுவார். சுவரிலும் ஓரமும் மூலையும்தான் அடி வாங்கும்.

தம்பி வீட்டில் இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்க இந்தச் செங்கல்தான். பக்கவாட்டுச் சுவர்களில், சுவர் விரிய இடம் கொடுக்கும் செங்குத்து இடைவெளி விடச் சொன்னேன், விட்டார்கள். முகப்பில் மட்டும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "முன்னாடி ஒரு கோடு விழுந்தா வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும் அக்கா, பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றான். அவன் வீடு, அவன் விருப்பம். முகப்புச் சுவர் 14 மீட்டர், இடைவெளியே இல்லாமல் எழும்பியது. ஒரே செங்கல், ஒரே கொத்தனார், ஒரே வெயில். ஒரு பக்கம் இடைவெளி உண்டு, இன்னொரு பக்கம் இல்லை. சோதனைச்சாலையில் கூட இவ்வளவு சுத்தமாக ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

இப்போது அந்த முகப்பு மூலையில் நின்று பார்த்தால், கைப்பிடிச் சுவருக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் போட்ட வரி தெரியும். அந்த வரிக்குக் கீழே தளத்தின் விளிம்பு, மேலே செங்கல். கட்டியபோது இரண்டும் ஒரே நேரில் இருந்தன, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது விரலைக் கீழிருந்து மேலே ஓட்டினால் அந்த வரியில் நகம் தட்டும். செங்கல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, இரண்டு நாணயத்தை அடுக்கினால் வரும் கனத்துக்கு. மறு மூலையிலும் அதேதான். சுவர் இரண்டு பக்கமும் நீண்டிருக்கிறது. தாள் வழவழப்பாக இருந்ததால் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

மூலையிலிருந்து ஒரு செங்கல் தள்ளி, பக்கச் சுவரில் செங்குத்தாக ஒரு வெடிப்பு. மேலே அகலம், கீழே வரவர ஒடுக்கம். சாந்துக் கோட்டைப் பார்த்துப் போகாமல் சில இடத்தில் செங்கல்லையே பிளந்துகொண்டு இறங்குகிறது. ஈரத்தடுப்புத் தாள் வந்ததும் நின்றுவிடுகிறது. அடியில் ஒரு மயிரிழை கூட இல்லை.

வெடிப்பைப் பார்த்ததும் தம்பி பயந்துபோய், "அஸ்திவாரம் இறங்கிருச்சா அக்கா?" என்று கேட்டான். கொத்தனார் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, வெயில்தான் காரணம் என்றார். இரண்டுமே எல்லோரும் முதலில் நினைக்கிறவைதான். ஆனால் அஸ்திவாரம் இறங்கினால் வெடிப்பு கீழ்ச்சுவரிலும் இருக்க வேண்டும். பெரும்பாலும் படிக்கட்டு போலச் சாய்ந்தும் போகும். மேலே மட்டும் இருந்து தாளோடு நிற்காது. வெயில் என்றால் குளிர் காலத்தில் மூட வேண்டும். வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைக்கச் சொன்னேன். குளிரில் கொஞ்சம் மூடியது, வெயிலில் கொஞ்சம் திறந்தது, அது உண்மை. ஆனால் எந்தக் குளிரிலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. திரும்பாமல் ஒரே பக்கமாகப் போகிற விரிவு இந்த ஈர வளர்ச்சிதான்.

அந்த மூலையைத் தவிர்த்தால், இடைவெளி விட்ட பக்கச் சுவர்களில் வேறு வெடிப்பே இல்லை. விட்ட இடைவெளி மட்டும் ஒடுங்கியிருக்கிறது. உள்ளே அடைத்த நுரைக் கயிறு நசுங்கி, மேலே பூசிய சீலண்ட், அதாவது ரப்பர் போல நெகிழும் அடைப்புப் பசை, புடைத்துக்கொண்டு நிற்கிறது. விழ வேண்டிய அடி அதில் விழுந்துவிட்டது. சீலண்டை ஒருமுறை அறுத்து மாற்றினால் போதும்.

சரி, சுட்டு இறுகிய மண் எப்படி வளரும்? களிமண்ணின் கனிமங்களுக்குள் நீர் வேதியியலாகக் கட்டுண்டு கிடக்கிறது. துளைகளில் தேங்கும் தண்ணீரைச் சொல்லவில்லை, கனிமத்தின் கட்டமைப்பிலேயே ஹைட்ராக்சில் வடிவில் இருப்பதைச் சொல்கிறேன். சூளையின் சூட்டில் அது வெளியேறிவிடுகிறது. செங்கல் ஆற ஆரம்பித்த நொடியிலிருந்து, காற்றிலுள்ள ஈரத்தை எடுத்து அந்தப் பழைய பிணைப்பை மறுபடி போட்டுக்கொள்ளப் பார்க்கிறது. ஒவ்வொரு பிணைப்பும் விழ விழக் கல் துளித்துளி பருக்கிறது. இதை வெயிலில் காயவைத்துத் திருப்பி எடுக்க முடியாது. 500 டிகிரி செல்சியஸ் வரை மறுபடி சூடாக்கினால்தான் அந்த நீர் போகும், கல்லும் பழைய அளவுக்குச் சுருங்கும். வீட்டைச் சூளையில் வைக்க முடியாதல்லவா?

இதற்கு மழை வேண்டியதில்லை. சாதாரணக் காற்றில் இருக்கும் ஈரமே தாராளம். மழையே படாத உள்சுவரும் வளரும். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சுவருக்கு நீர் விலக்கும் திரவம் அடித்துவிட்டால் போதும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்தத் திரவம் தண்ணீரைத் தடுக்கும், நீராவியை விட்டுவிடும். அதை விற்பவர்களே சுவர் மூச்சு விடும் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள்.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1928-இலேயே எச். ஜி. ஷுரெக்ட் என்ற அமெரிக்கப் பீங்கான் ஆய்வாளர், டைலின் பளபளப்பு மேற்பூச்சில் நாள்பட்டு விழும் வலைப்பின்னல் வெடிப்புக்கு, அடியில் இருக்கும் மண் ஈரம் வாங்கி விரிவது காரணம் என்று எழுதினார். மண் விரிகிறது, கண்ணாடிப் பூச்சு விரிவதில்லை, இழுபட்டுக் கீறிவிடுகிறது. 2003-இல் மோய்ரா வில்சனும் அவரோடு இருந்த மான்செஸ்டர், எடின்பரோ ஆய்வாளர்களும் இந்த வளர்ச்சிக்கு ஒரு கணக்கு கண்டார்கள். வளர்ச்சி, காலத்தின் நான்காம் மூலத்துக்கு (வர்க்கமூலத்துக்கு மறுபடி வர்க்கமூலம்) ஏற்பப் போகிறது. ஒரு வருடத்தில் வளர்வதைப்போல இரண்டு மடங்கு வளர 16 வருடம் ஆகும். நாலு மடங்கு ஆக 256 வருடம். ஆரம்பத்தில் ஓட்டம், அப்புறம் நடை, அப்புறம் தவழ்வது, ஆனால் நிற்பதில்லை.

அந்தக் குழு இதையே ஒரு கடிகாரமாகவும் மாற்றியது. ஒரு பழைய மண்பாண்டத் துண்டை எடுத்து, 500 டிகிரியில் சூடாக்கி நீரை விரட்டிவிட்டு, திரும்ப எந்த வேகத்தில் எடை கூடுகிறது என்று மிக நுட்பமான தராசில் அளந்தால், அது எப்போது சூளையை விட்டு வந்தது என்று கணக்குப் போடலாம். 2009-இல் இந்த முறையை வெளியிட்டபோது இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரத்து இடைக்காலச் செங்கல் ஒன்றை அளந்தார்கள். வயது சுமார் 66 என்று வந்தது. பல நூறு வருடப் பழைய கல்லுக்கு இப்படியா என்று குழம்பிப்போய்த் தேடியபோதுதான் காரணம் புரிந்தது: இரண்டாம் உலகப் போரில் அந்த நகரத்தில் குண்டு விழுந்து மூண்ட தீயில் அந்தச் செங்கல் மறுபடி சுடப்பட்டிருக்கிறது. கடிகாரம் அன்றைக்குப் பூச்சியத்துக்குப் போயிருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த செய்தி இதுதான். இந்த மதிப்பீட்டுக்கு இது தேவையா என்றால் தேவையில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.

நான்காம் மூலக் கணக்கை வாங்குபவரின் பக்கம் திருப்புகிறேன். முதல் வருட வளர்ச்சியில் கிட்டத்தட்டக் கால் பங்கு, சூளையை விட்டு வந்த முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் 44 சதவீதம். அதனால்தான் சூளையிலிருந்து வந்த கல்லை அப்படியே சுவரில் ஏற்றக் கூடாது என்று கட்டுமானக் குறிப்புகள் எச்சரிக்கின்றன. அந்த முதல் வேக வளர்ச்சி களத்தில் கிடக்கும்போதே நடந்துவிட வேண்டும், சாந்து இறுகிய சுவருக்குள் நடக்கக் கூடாது.

எங்களுக்கு வந்த முதல் லாரியில் அடுக்கின் நடுவிலிருந்து கல்லை எடுத்தபோது கையில் சூடு தெரிந்தது. வெயில் சூடு என்றால் மேல் வரிசையில்தான் இருக்கும். மேல் வரிசை ஆறியிருந்தது, நடு வரிசை வெதுவெதுப்பாக இருந்தது. விற்பனைப் பிரதிநிதியைக் கூப்பிட்டேன். "சூடா இருந்தா புது சரக்குன்னு அர்த்தம் மேடம், நல்லதுதானே?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் அவர் சொன்னது சரிதான். கொத்தனார் அண்ணனிடம் இரண்டு வாரம் தொடாதீர்கள் என்றேன். அவருக்குக் கோபம். ஆள் கூலி நிற்கிறது, தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் தீர்ந்தது, எதற்கு இரண்டு வாரம் என்றார். கல்லை நனைப்பது வேறு காரணத்துக்கு. கல் சாந்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்கத்தான் நனைக்கிறோம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டாலும் இந்த வளர்ச்சி அவசரப்பட்டு முடிந்துவிடாது. அவசரப்படுத்த நீராவியோ கொதிநீரோ வேண்டும். சோதனைக்கூடங்களில் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆனால் இரண்டு வாரம் காத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். அதே கணக்கை 16 வருடத்துக்குப் போட்டால், அந்த இரண்டு வாரத்தில் முடிவது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம். இரண்டு மாதம் காத்தாலும் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. மீதி சுவரில்தான் நடக்கும். "நாங்க ஒரு மாசம் களத்துல போட்டுத்தான் கட்டுனோம், இடைவெளி எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். காத்திருந்தால் சுமை குறையும். இடைவெளியே வேண்டாம் என்பதற்கு அது அனுமதி ஆகாது.

இடைவெளி எவ்வளவு? பிரிட்டிஷ் நடைமுறை சுட்ட செங்கல் சுவருக்கு 12 மீட்டருக்கு ஒன்று என்று வைத்திருக்கிறது. மீட்டரில் இருக்கும் தூரத்தோடு முப்பது சதவீதம் கூட்டினால் மில்லிமீட்டரில் இடைவெளி அகலம் வரும். 12 மீட்டருக்கு ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். மூலையிலிருந்து முதல் இடைவெளி அதில் பாதி தூரத்துக்குள் வந்துவிட வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு இன்னும் நெருக்கமாக விட வேண்டும், ஏனென்றால் அதன் மேல் எடை இல்லை, இரண்டு முகமும் வெயிலில் நிற்கிறது, பிடித்து வைக்க ஒன்றும் கிடையாது.

இடைவெளிக்குள் எதை அடைக்கிறோம் என்பதும் முக்கியம். தெர்மோகோல் துண்டு, தக்கை, நார் அட்டை என்று கையில் கிடைத்ததைத் திணிக்கிறார்கள். தக்கையும் நார் அட்டையும் கான்கிரீட்டுக்குச் சரி, அது சுருங்குகிற சாதி. செங்கல் வந்து நெருக்கும்போது அவை போதிய அளவு நசுங்கிக் கொடுக்காது. மெத்தென்ற பாலித்தீன் நுரைக் கயிறும், மேலே நெகிழும் சீலண்டும்தான் இதற்கு ஏற்றவை. அதைவிடப் பெரிய எதிரி சாந்து. தம்பி வீட்டுப் பக்கச் சுவரில் ஒரு இடைவெளிக்குள் கட்டும்போது விழுந்த சாந்து அப்படியே இறுகிக் கிடந்ததைப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் சீலண்ட் போட்ட அழகான கோடு, உள்ளே கல்லும் கல்லும் கைகோத்து நிற்கின்றன. நீளமான இரும்புப் பட்டையை விட்டுக் குத்தி எடுக்க வைத்தேன். கட்டி முடிந்ததும் ஒரு மெல்லிய பட்டை இடைவெளியில் மேலிருந்து கீழ் வரை தடையில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், பரவாயில்லை.

முகப்புக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். வெட்டினோம். வட்டக் கத்தி இயந்திரத்தால் கைப்பிடிச் சுவரைச் செங்குத்தாக அறுத்து, நுரைக் கயிறு வைத்து, செங்கல் நிறத்திலேயே சீலண்ட் போட்டோம். பிளந்த கல்லை மட்டும் மாற்றினோம். தெருவிலிருந்து பார்த்தால் அந்தக் கோடு யாருக்கும் தெரிவதில்லை, தம்பியே காட்டிக் காட்டிச் சொல்கிறான்.

கான்கிரீட் தூண் உத்திரத்துக்கு நடுவே இந்தச் செங்கல்லை அடைக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கான்கிரீட் காய்ந்து சுருங்குகிறது, சுமையில் மெல்லக் குறுகவும் செய்கிறது. செங்கல் வளர்கிறது. இரண்டும் எதிரெதிர் திசை. மேல் உத்திரத்தோடு சுவரைச் சாந்து திணித்து இறுக்கிவிட்டால், சில வருடத்தில் சுவர் வயிறு தள்ளும், அல்லது உத்திரத்தின் முகத்தில் ஒட்டிய மெல்லிய செங்கல் பட்டைகள் பெயர்ந்து விழும். உயரமான கட்டடத்தில் அது கீழே நடப்பவர் தலைக்கு ஆபத்து. உத்திரத்துக்கு அடியில் நசுங்கிக் கொடுக்கும் இடைவெளி விட்டே ஆக வேண்டும். உள்ளே சிமெண்ட் பிளாக், வெளியே செங்கல் என்று இரட்டைச் சுவர் கட்டினாலும் இதே கதைதான். இரண்டையும் வளைந்து கொடுக்கும் கம்பிகளால் பிணைக்கலாம், சாந்தால் ஒட்டக் கூடாது.

மாடி ஓட்டுக்கு வருகிறேன். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஓடு நன்றாக இருக்கிறது, வெறுங்காலில் நடந்தால் சுடுவது குறைவு. இதற்கு ஓரம் முழுக்கச் சுவரை ஒட்டி இடைவெளி விட்டோம், ஓட்டுக்கு ஓடு நல்ல அகலமான இணைப்பும் விட்டோம். ஒன்றும் கிளம்பவில்லை. டைல்களுக்கான சர்வதேசத் தர விதி, ஈர வளர்ச்சி பெரும்பாலான டைல்களில் பொருட்படுத்த வேண்டாத அளவுதான் என்றும், 0.06 சதவீதத்தை, அதாவது மீட்டருக்கு 0.6 மில்லிமீட்டரைத் தாண்டினால் மோசமாகப் பதித்த இடங்களில் தொல்லை தரலாம் என்றும் சொல்கிறது. இடைவெளியே இல்லாமல் சுவரோடு முட்ட வைத்துப் பதித்த தரை ஒரு நாள் டமாரென்று கூடாரமாய்க் கிளம்புவதைக் கண்டவர்களுக்கு, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி விற்பவர்களைப் பற்றி. எங்களுக்குக் கொடுத்த தகவல் தாளில் தாங்குவலிமை இருந்தது, நீர் உறிஞ்சும் அளவு இருந்தது, நீள அகலத்தில் எவ்வளவு முன்பின் வரும் என்பது இருந்தது, எடை இருந்தது. வளர்ச்சி இல்லை. கேட்டேன். "செங்கல் எங்கேயாவது வளருமா மேடம்?" என்று சிரித்தார் அந்தப் பிரதிநிதி. ஆஸ்திரேலியச் செங்கல் தயாரிப்பாளர்களின் தாள்களைப் பாருங்கள். 15 வருடத்தில் மீட்டருக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று தனியாக ஒரு வரியே இருக்கும். சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கல்லைக் கொதிநீரிலோ நீராவியிலோ வைத்து, முன்னும் பின்னும் நீளத்தை நுட்பமாக அளப்பதுதான். டைலுக்கான சோதனையில் முதலில் 550 டிகிரியில் சூடாக்கிப் பழைய ஈரத்தை விரட்டிவிட்டு, 24 மணி நேரம் கொதிக்கவைத்து அளக்கிறார்கள். செய்ய முடியாததில்லை. யாரும் கேட்பதில்லை, அதனால் அவர்களும் போடுவதில்லை.

எண் கிடைக்காத இடத்தில் கண்ணையும் காதையும்தான் நம்ப வேண்டும். நன்றாக வெந்து கண்ணாடிப் பதம் வந்த கல் பொதுவாகக் குறைவாக வளரும். வேகாத, மங்கிய, தட்டினால் சொத்தென்று ஒலிக்கும் கல்லைப் பூசாத சுவருக்கு எடுக்காதீர்கள். இது முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், மண்ணின் சாதியும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. சுண்ணாம்புச் சத்துள்ள களிமண் குறைவாக வளரும் என்பது ஒரு எடுத்துக்காட்டு. வாங்கும்போது சூளையிலிருந்து எடுத்த தேதியைக் கேளுங்கள். எங்களுக்கு அந்தத் தேதியை வாங்கவே நாலு போன் பேச வேண்டியிருந்தது.

மதிப்பெண் போடச் சொன்னால், செங்கல்லுக்கு ஐந்துக்கு நாலரை. தகவல் தாளுக்கு ஒன்று, அதுவும் எடையைச் சரியாகப் போட்டிருந்ததற்கு. விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு ஒன்றும் போடவில்லை. வெடிப்பைப் படம் எடுத்து அனுப்பியபோது, உங்கள் கொத்தனாரைக் கேளுங்கள் என்று ஒரு வரிப் பதில் வந்தது.

தம்பி இப்போது பின்பக்கம் ஒரு அறை போடுகிறான். இதே செங்கல்தான் வேண்டும் என்கிறான், நானும் தடுக்கவில்லை. ஆனால் அவன் இன்னொரு யோசனையும் வைத்திருக்கிறான்: இடித்த வீட்டுப் பழைய செங்கல். வளர்ச்சியை மட்டும் வைத்துப் பார்த்தால் அது அருமையான யோசனை. 50 வருடப் பழைய கல் தன் ஓட்டத்தையெல்லாம் முடித்துவிட்டது. புதுக் கல் 16 வருடத்தில் வளர்வதில் பத்தில் ஒரு பங்குதான் அது அடுத்த 16 வருடத்தில் வளரும். இடைவெளி விடத்தான் வேண்டும், ஆனால் மனதில் பயம் குறையும். சிக்கல் வேறு இடத்தில். பழைய வீட்டின் உட்சுவருக்கு வேகாத கல்லையும் போட்டிருப்பார்கள், இடித்தபின் எது உள்ளே இருந்தது எது வெளியே இருந்தது என்று தெரியாது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். அப்புறம் சாந்து. சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது என்றால் கரணை முனையால் தட்டினாலே உதிர்ந்துவிடும். சிமெண்ட் சாந்து என்றால் அதோடு கல்லின் முகமும் பெயர்ந்து வரும். அந்தக் குவியலை நேரில் பார்த்து, கையில் நாலு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.